எந்தக் காலில் பாரம்

டெய்லரக்காவிடம் போய் "இடுப்பு முப்பதுங்க்கா" என்று சொன்னால் காதிலேயே வாங்கிக்கொள்ள மாட்டார். "வாயி சொல்ற அளவுக்கு நான் தெக்கிறதில்ல கண்ணு. அப்படிக்கா நாலு எட்டு நடந்துட்டு வா" என்பார்.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. வளப்பூர் நாட்டில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, ரோடு சரிவாக இறங்க ஆரம்பிக்கிற முனையில் அவர் கடை. ஒரு தையல் மெசின் போட்டு அவர் உட்கார்ந்தால் மிச்சம் நிற்க இடமிருக்காது. ஆகவே நடக்கச் சொன்னால் ரோட்டில்தான் நடக்க வேண்டும். பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேரும் வேடிக்கை பார்ப்பார்கள். கல்யாணப் பெண்கள், பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு மூட்டையோடு புறப்பட்டவர்கள், மீசை நரைத்த வாத்தியார்கள் என்று எல்லோரும் வெட்கத்தைக் கடித்துக்கொண்டு அந்த நாலு எட்டை நடந்து காட்டியிருக்கிறார்கள். கழுத்தில் தொங்கும் அளவு நாடாவை அக்கா கடைசியாகத்தான் எடுப்பார், அதுவும் ஏதோ மரியாதைக்கு எடுக்கிற மாதிரி.

அவருக்கு என்று சில கணக்குகள் இருந்தன. ரெண்டு காலிலும் பாரம் போட்டு நிற்கிறவர்கள் நெசம் பேசுகிறார்கள். ஒத்தைக் காலில் பாரம் போட்டு நிற்கிறவர்கள் பாதியை முழுங்குகிறார்கள். தோற்றுப் போனவர்கள் கடைக்குள் வந்ததும் உட்கார இடம் தேடுவார்கள், ஜெயித்தவர்களுக்கு உட்காரவே தோன்றாது. இதையெல்லாம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, சமையல் குறிப்பு சொல்கிற குரலில் சொல்வார்.

கேட்கிறவர்களுக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்த நர்ஸம்மா ஒருவர் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தபோது, "பக்கத்துல ரெண்டு விரல் துணி சேத்து உள்ள மடிச்சு வெக்கறனுங்க, நாலு மாசம் போனா பிரிச்சுக்கலாம்" என்றார் அக்கா. அந்தம்மா முகம் வெளுத்துவிட்டது. வீட்டுக்காரருக்கே அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லையாம். குண்டனி நாட்டுக்காரர் ஒருவரிடம், "சட்டைய அப்பறம் தெச்சுக்கலாமுங்க. சோத்தாங்கை மேல ஏற மாட்டேங்குது, மொதல்ல ஆசுபத்திரிக்குப் போங்க" என்று சொல்லப் போக, அவர் துணியைச் சுருட்டிக்கொண்டு கோபமாகப் போய்விட்டார். மூன்று மாதம் கழித்து அதே துணியோடு வந்தார். கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் அளவு கொடுத்தார்.

எப்போதும் சரியாகச் சொன்னார் என்றும் இல்லை. புதிதாக வந்த ஓர் ஆபீசர் ஒத்தைக் காலில் நின்றபடி பேண்ட் அளவு கொடுத்ததைப் பார்த்து, "இந்த மனுசன் என்னமோ மறைக்கறாரு" என்று அக்கா பஸ் ஸ்டாப் முழுக்கச் சொல்லிவிட்டார். பார்த்தால் அவர் குதிகாலில் முள் ஏறியிருந்திருக்கிறது. நாங்கள் சிரித்துக் கேலி செய்தபோது அக்கா அசரவில்லை. "அந்த முள்ளத்தான் மறைச்சாருன்னு நான் சொன்னேன்" என்றார்.

இப்படிப்பட்டவர் கடைக்குள் ஒரு பொய்யோடு நான் போய் நின்றேன். நின்றேன் என்பதுகூடத் தப்பு. போனதும் துணி மூட்டையைத் தள்ளிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் அப்போது விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தேன். மிளகும் பலாவும் மரவள்ளியுமாக இருக்கிற வீட்டிலிருந்து ஒரு பெண் அந்தப் படிப்புக்குப் போனது எங்கள் நாட்டுக்கே பெரிய சேதி. என் வெள்ளைச் சட்டைகளைத் தைத்ததும் அக்காதான். அவற்றுக்கு அளவெடுத்த அன்றைக்கு ரோட்டில் நடக்கவிட்டது போதாதென்று, ஸ்டூலில் உட்காரவைத்து, தலையைத் திருப்பச் சொல்லி, கையை மேலே நீட்டச் சொல்லி, "ஆகாசத்துல போய் அக்குள் பிஞ்சா நானா வந்து தெக்க முடியும்?" என்று கேட்டார்.

பக்கக் காற்று அடிக்கும்போது விமானத்தை இறக்குவது எனக்கு வரவில்லை. ஓடுபாதைக்குக் குறுக்கே காற்று வீசினால் விமானத்தின் மூக்கு காற்று வரும் பக்கம் திரும்பும். சக்கரம் தரையைத் தொடுவதற்குள் கால் பெடலை மிதித்து மூக்கை நேராக்க வேண்டும். இடது பெடலை மிதித்தால் மூக்கு இடது பக்கம் வரும், வலதை மிதித்தால் வலது பக்கம். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற விஷயம். ஆனால் கடைசி நொடியில் நான் மாற்றி மிதித்துவிடுவேன். ஆசிரியர் "விடு" என்று கத்தி விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்வார். இரண்டு முறை பரீட்சையில் தோற்றேன். ஒரு மாதம் கழித்து மூன்றாவது முறை, அதிலும் தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டில், ப்ளேனெல்லாம் சர்வீஸுக்குப் போயிருக்கிறது, ஒரு மாதம் லீவு என்று சொன்னேன். அம்மா நம்பினார். அப்பா ஊரெல்லாம் சொன்னார்.

அந்தப் பொய்யோடு ஸ்டூலில் உட்கார்ந்த என்னை, நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு அக்கா பார்த்தார்.

"எத்தன தடவ கண்ணு?"

"என்னதுங்க்கா?"

"தோத்தது."

நான் அழுதுவிட்டேன். அவர் எழுந்து வந்து தட்டிக்கொடுக்கவெல்லாம் இல்லை. அழுது முடிக்கும் வரை ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "ஊட்ல தெரியுமா?" என்றார். தலையாட்டினேன், தெரியாது என்று. "சரி, எனக்கும் தெரியாது" என்றார்.

கல்லூரியில் எனக்கு மூத்தவர் ஒருவர், கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகுகிற சாமான்களை இரவல் கொடுத்திருந்தார். ஜாய்ஸ்டிக் என்கிற பிடி, என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டில், கால் பெடல் என்று மூன்று பெட்டி. எழுபது கொண்டை ஊசி வளைவிலும் அவற்றை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தேன். வீட்டில் அறை முழுக்கக் காய்ந்த மிளகு மூட்டை. அங்கே இடமிருந்திருந்தாலும், அம்மா பார்க்க நான் விமானத்தைத் தரையில் மோதிக்கொண்டிருக்க முடியாது. அக்கா கடைக்குப் பின்னால் துணி வெட்டுகிற ஒரு சின்ன அறை இருந்தது. கேட்டதும் கொடுத்தார்.

பெட்டி மேலே போட்டிருந்த படத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் வைத்தேன். மேசையின் வலது பக்கம் ஜாய்ஸ்டிக், இடது பக்கம் த்ராட்டில், கீழே சிமெண்டுத் தரையில் பெடல். மிதித்தால் பெடல் அப்படியே சறுக்கிச் சுவருக்குப் போனது. காலை எட்டி நீட்டி மிதித்தால் நாற்காலி பின்னால் போனது. இரண்டு நாள் இந்தக் கூத்து. மூன்றாம் நாள் அக்கா கதவோரம் வந்து நின்றார்.

"இது எந்தூரு அளவு?"

"படத்துல இப்படித்தாங்க்கா போட்டிருக்குது."

"படத்துல இருக்கறவனா வந்து ஓட்டப் போறான்? எல்லாத்தையும் எடுத்து அப்படிக்கா வை. கண்ண மூடு. நெஜ ப்ளேன்ல உக்காந்திருக்கறதா நெனச்சுக்க. கையும் காலும் எங்க போவுதோ அங்க போவட்டும்."

கண்ணை மூடினேன். இடது கை என் இரண்டு முழங்காலுக்கும் நடுவே போய் நின்றது. வலது கை வலது தொடைக்குப் பக்கத்தில் போனது. நாங்கள் பழகுகிற விமானத்தில் பிடி அங்கேதான் இருக்கும், த்ராட்டில் இங்கேதான் இருக்கும். அத்தனை மணி நேரம் பறந்தவளுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். படத்தைப் பார்த்ததும் மறந்துவிட்டது. அக்கா துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியால் தரையில் என் இரண்டு பாதத்தையும் சுற்றிக் கோடு இழுத்தார். கைக்கு நேரே ஸ்டூலையும் பெட்டியையும் நகர்த்திக் குறி வைத்தார். "முழிச்சுக்க" என்றார்.

ஜாய்ஸ்டிக் முழங்காலுக்கு நடுவே தாழ்வான முக்காலியில் ஏறியது. நல்லவேளை, அது எந்தக் கைக்கும் பொருந்துகிற பிடி. பெடலை ஒரு பலகையில் ஆணி வைத்து இறுக்கி, பலகைக்கு அடியில் பழைய லாரி ட்யூபை வெட்டி ஒட்டி, சுவருக்கும் பலகைக்கும் நடுவே துணி வெட்டுகிற கட்டையை முட்டுக் கொடுத்தார். அப்புறம் நான் எவ்வளவு ஓங்கி மிதித்தாலும் அது நகரவில்லை. நாற்காலியின் பின்னங்காலுக்கு மட்டும் ஒரு விரல் கனத்துக்கு ரப்பர் வைத்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "முதுகு கூனுது, முன்னால பாக்க மாட்டேங்கற" என்றார். அவர் விமானத்தைப் படத்தில்கூட ஒழுங்காகப் பார்த்தவரில்லை. அக்கா என்னை மட்டும்தான் பார்த்தார்.

இப்போது நான் செய்த களவாணித்தனத்தைச் சொல்ல வேண்டும்.

எல்லாம் பொருத்தமாக அமைந்தும் பக்கக் காற்று வந்தால் விமானம் புல்லுக்குள் போய்க்கொண்டே இருந்தது. ஒரு நாள் மத்தியானம் கம்ப்யூட்டரில் பெடலுக்கான செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தபோது, "திசையை மாற்று" என்று ஒரு சின்னக் கட்டம் கண்ணில் பட்டது. அதில் டிக் அடித்துப் பார்த்தேன். இடது பெடலை மிதித்தால் மூக்கு வலது பக்கம் போனது. காற்றைக் கூட்டி இறக்கினேன். பூப்போல இறங்கியது. மறுபடியும் இறக்கினேன், மறுபடியும் பூப்போல. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, கால் தானாகப் போனது. மூத்தவர் கொடுத்த பெடலில் ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், அதனால்தான் இத்தனை நாள் இங்கே சரியாக வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசின் ஒரு மூலைக்கு உண்மை தெரியும். அந்த மூலைப் பக்கம் நான் போகவில்லை. நாலு நாள் சந்தோஷமாக இறக்கினேன். வீட்டில் இரண்டு தட்டுச் சோறு தின்றேன்.

ஐந்தாம் நாள் அக்கா மெசினை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"போன வாரம் பூரா தட்டுத் தடுமாறிட்டிருந்த. ஒரே நாள்ல சரியாயிருச்சு. ஒண்ணு நீ மாறியிருக்கணும், இல்ல மெசினு மாறியிருக்கணும். நீ மாறுல. உக்கார்ற வெதம், மூச்சு விடற வெதம் எல்லாம் அப்படியேதான் இருக்குது. எதத் திருப்பி வெச்ச?"

காட்டினேன். அந்தச் சின்ன டிக்கை அவர் குனிந்து பார்த்தார்.

"நெஜ ப்ளேன்லயும் இது இருக்குதா கண்ணு?"

காது சூடாகிவிட்டது. அவர் மேல்தான் கோபம் வந்தது. "உங்களுக்கு என்னங்க்கா தெரியும்? நீங்க தெக்கற வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். ஊரில் யாரும் அவரை அப்படிப் பேசியதில்லை. அவர் போய் மெசினில் உட்கார்ந்தார். நான் பின் வழியாக வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் போனபோது ஒன்றும் நடக்காதது போல, "இங்க வா" என்றார். மேசை மேல் மரத்தால் ஆன அவருடைய ஸ்கேல் குறுக்கே கிடந்தது. அதன் நடுவில் விரலை ஊன்றிக்கொண்டார்.

"இது என்னன்னு சொல்லு. இந்த முனையில உன்ற எடது காலு, அந்த முனையில சோத்தாங்காலு. எடது கால மிதி."

இடது முனையைத் தள்ளினேன். அது முன்னால் போக, ஸ்கேல் வலது பக்கம் திரும்பியது. அந்தத் திருப்பம் எனக்குத் தெரியும். பேரிங் வண்டி.

மலையில் பிறந்த பிள்ளைகளுக்குச் சைக்கிளுக்கு முன்னால் அதுதான் வண்டி. ஒரு பலகை, நாலு பழைய பேரிங், முன்னால் குறுக்குக் கட்டையை நடுவில் ஒரே போல்டில் முறுக்கியிருப்பார்கள். பலகையில் உட்கார்ந்து இரண்டு காலையும் குறுக்குக் கட்டையில் வைத்துச் சரிவில் விட்டால் சத்தம் காதைப் பிளக்கும். இடது காலை மிதித்தால் வண்டி வலது பக்கம் போகும், வலதை மிதித்தால் இடது. ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை அந்தச் சரிவில்தான் என் பொழுது போனது, பையன்களை முந்திக்கொண்டு. எதிரே லாரி வந்தால் உயிர் அந்தக் காலில்தான் இருந்தது.

"உன்ற பாவாடைக்கு நான் எத்தன ஒட்டுப் போட்டிருக்கேன் தெரியுமா? வண்டியில உளுந்து உளுந்து கிழிச்சது, எல்லாம் எடது முட்டியில. நேத்து நீ போனதுக்கு அப்பறந்தான் ஞாபகம் வந்துச்சு" என்றார் அக்கா. "உனக்கு ஓட்டத் தெரியாம இல்ல கண்ணு. பயந்தா உன்ற காலு பேரிங் வண்டிக்குப் போயிருது."

கல்லூரியில் யாருக்கும் இது தோன்றவில்லை. தோன்றவும் முடியாது. அவர்கள் யாரும் என் பாவாடையைத் தைத்தவர்கள் இல்லை. நான் முன்தினம் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "டிக்க எடு மொதல்ல" என்றார்.

எடுத்தேன். அப்புறம் கம்ப்யூட்டரையே மூடச் சொன்னார். அவர் கால் மெசின் பழகிய புதிதில் சக்கரத்தைப் பின்னாலேயே ஓட்டி ஓட்டி நூலை அறுத்தாராம். ஒரு மாதம் நூலே கோக்காமல் வெறும் மெசினை மிதித்திருக்கிறார். "நூல் இருந்தா கண்ணு நூலப் பாக்கும். வெறுமனே மிதிச்சாத்தான் காலு படிக்கும். நீயும் நூல் கோக்காம மிதி" என்றார்.

அன்றிலிருந்து அவர் ஓரம் அடித்துக்கொண்டே, "மூக்கு எடது பக்கம் போவுது" என்பார். உள்ளே மூடிய கம்ப்யூட்டரின் முன்னால் நான் வலது காலை மிதிப்பேன். கடைக்கு வந்தவர்கள் யாருடைய மூக்கு என்று குழம்பிப் போவார்கள். கடையோடு விட்டாரா? ரேஷன் கடை வரிசையில், பஸ்ஸில், கோயில் பந்தியில் என்று எங்கே பார்த்தாலும், நினைக்காத நேரத்தில் பின்னாலிருந்து "மூக்கு வலது" என்று குரல் வரும். என் இடது கால் தானாகத் தரையை அழுத்தும். முதலில் பத்துக்கு நாலு தப்பியது, அவர் உதட்டைச் சுழிப்பார். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் கம்ப்யூட்டரைத் திறந்து, காற்றை இருக்கிற மட்டும் கூட்டி இறக்கினேன். டிக் இல்லாமல் இறங்கியது. பூப்போல இல்லை, தொப்பென்றுதான், ஆனால் நேராக இறங்கியது.

நடுவில் ஒரு நாள் அம்மா சந்தேகப்பட்டு அக்காவிடமே போய்க் கேட்டுவிட்டார். நான் உள்ளே பெடலில் கால் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, இவ எதுக்கு வந்திருக்கா? லீவுங்கறா, சோறு திங்கறப்பக்கூடக் கால ஆட்டிட்டிருக்கறா. நீங்களாச்சும் சொல்லுங்க."

"ஒரு தையல் கோணலா உளுந்துருச்சு. பிரிச்சுத் தெச்சுட்டிருக்கறா" என்றார் அக்கா. "பாதியில பாக்கக் கூடாது. போயி வேலையப் பாருங்க, அவளே போட்டுக் காட்டுவா."

அம்மா என்ன புரிந்துகொண்டாரோ, அதற்குப் பிறகு கேட்கவில்லை. அன்று மாலை எனக்கு மட்டும் பலாக்கொட்டைக் குழம்பு வைத்தார்.

அக்கா இப்போது மலையில் இல்லை. மகள் வீட்டோடு துறையூர்ப் பக்கம் போய்விட்டார். அந்தக் கடையில் வேறு யாரோ செல்போன் கவர் விற்கிறார்கள். நான் சின்ன விமானம் ஒன்றில் துணை விமானியாக இருக்கிறேன். பக்கக் காற்று அடிக்கிற ஊர்களில் இறங்கும்போது பின்னால் உட்கார்ந்திருக்கிற யாருக்கும் தெரியாது, என் கால் ஒரு தையல்கடையில் பிரித்துத் தைத்த கால் என்று. எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் மனசுக்குள் அவரைக் கும்பிட்டுக்கொள்கிறேன். என் பொய்யை அம்மாவிடம் அவர் காட்டிக்கொடுக்கவில்லை, எனக்கு நானே சொல்லிக்கொண்ட பொய்யை மட்டும் விட்டுவைக்கவில்லை. இரண்டுக்கும் நான் கடமைப்பட்டவள்.

அந்த மூன்றாவது பரீட்சை நாளன்று காற்று இடது பக்கமிருந்து அடித்தது. காற்றின் திசை காட்டுகிற கொடிக்கம்பத்துத் துணிக்குழாய் விறைத்துக் குறுக்கே நின்றது. ஓடுபாதை பெரிதாகிக்கொண்டே வந்தது, பக்கத்தில் ஆசிரியர் இரண்டு கையையும் பிடிக்கு அருகே தயாராக வைத்திருந்தார். மூக்கு இடது பக்கம் போனது. வலது கால் போய் மிதித்த பிறகுதான் மிதித்தது எனக்கே தெரிந்தது. சக்கரம் கோட்டின் மேல் உட்கார்ந்தது. ஆசிரியர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

இறங்கியதும் அம்மாவைக் கூப்பிடவில்லை. கடைக்குத்தான் போன் போட்டேன். அந்தப் பக்கம் மெசின் ஓடுகிற சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

"அக்கா, நான் பேசறனுங்க்கா. வந்து..."

"வாயால ஒண்ணும் சொல்லாத" என்றார். "உக்காந்திருக்கியா, நிக்கறியா?"

"நிக்கறனுங்க்கா."



"எந்தக் கால்ல பாரம்?"

குனிந்து பார்த்தேன். வெயில் காய்கிற தார்த் தரையில் என் இரண்டு ஷூவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

"ரெண்டு கால்லயுமுங்க்கா."

"அப்பச் சரி. அம்மாளுக்குச் சொல்லு" என்றார். மெசின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது.